பள்ளி லேபில் லினக்ஸ், அதில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக் கணினி ஆய்வகங்களில் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, அப்புறம் அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது என் வேலை. நிறுவுவதில் சந்தேகம் கேட்பவர்கள் குறைவு. உரிமம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தம் இங்கே சொல்வதற்கு மாறாக இருந்தால், ஒப்பந்தம் சொல்வதுதான் செல்லும்.

1. லினக்ஸே இலவசம். அப்போ அதில் ஓடுகிற எல்லாமே இலவசம்தானே?

இல்லை. இயங்குதளத்தின் உரிமம் இயங்குதளத்தோடு முடிந்துவிடும். மேட்லேப் (கணக்கீட்டு நிரல்), மாயா (அனிமேஷன் நிரல்) போன்றவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. விண்டோஸில் கட்டும் பணத்தை இங்கேயும் கட்டித்தான் ஆக வேண்டும்.

குழப்பம் ‘இலவசம்’ என்ற சொல்லில் இருக்கிறது. காசு வாங்காமல் தருவது ஒன்று; பார்க்க, மாற்ற, பிறருக்குக் கொடுக்க அனுமதிப்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். கூகுள் குரோமுக்குக் காசு இல்லை, ஆனால் அது தனியுரிம மென்பொருள். அதற்கு அடித்தளமான குரோமியம் திறந்த மூலநிரல். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் இதற்கு நேர்மாறு: நிரல் கட்டற்றது, சந்தாவுக்குக் காசு. ஆகவே விலையை வைத்து உரிமத்தை எடை போடாதீர்கள்.

2. தனியுரிம மென்பொருளை லினக்ஸில் போட்டால் ஜிபிஎல் உரிமத்தை மீறியதாகாதா?

ஆகாது. ஜிபிஎல் என்பது கட்டற்ற மென்பொருளுக்கான ஓர் உரிமம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதன் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. கெர்னலின் உரிமத்தோடு ஒரு விலக்குக் குறிப்பும் உண்டு: வழக்கமான முறையில் கெர்னலின் சேவையைக் கேட்டுப் பெறும் நிரல்களை இந்த உரிமம் கட்டுப்படுத்தாது. ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் சி நூலகம் எல்ஜிபிஎல் என்ற தளர்வான உரிமத்தில் இருப்பதும் இதற்கு உதவுகிறது.

இன்னொன்று, ஜிபிஎல் நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள் என்று கேட்பதே இல்லை. பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும்போதுதான் அதன் நிபந்தனைகள் வருகின்றன. அந்த விஷயம் 14-ஆம் கேள்வியில்.

3. ஒரு லைசென்ஸ் வாங்கினால் எத்தனை கம்ப்யூட்டரில் போடலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படியுங்கள். ஒவ்வொரு உரிமமும் ஏதோ ஒன்றை எண்ணுகிறது. எதை எண்ணுகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. சிலது கணினியை எண்ணும். சிலது பெயர் பதிந்த ஆளை எண்ணும். சிலது ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று பார்க்கும். சிலது பள்ளி முழுவதையும் ஒன்றாகக் கணக்கிட்டு, விலையை மட்டும் மாணவர் அல்லது ஆசிரியர் எண்ணிக்கையை வைத்துப் போடும்.

ஆய்வகத்தில் 30 கணினி, மாறி மாறி வந்து பயன்படுத்தும் மாணவர் 240 பேர் என்று வைத்துக்கொள்வோம். கணினியை எண்ணும் உரிமம் 30 போதும். ஆளை எண்ணினால் 240 வேண்டும். ஒரே நேரத்தில் திறப்பதை எண்ணினால் அதிகபட்சம் 30. இருவருக்கு ஒரு கணினி என்று உட்கார வைத்து, 15 கணினியில் மட்டும் அந்த நிரலைத் திறந்தால் 15. மென்பொருள் அதே, வகுப்பும் அதே, ஆனால் கணக்கு 15-லிருந்து 240 வரை போகிறது. விலைப்பட்டியலில் ‘ஒரு லைசென்ஸ்’ என்று மட்டும் போட்டு, எதற்கு ஒன்று என்று சொல்லாமல் விட்டிருந்தால், எழுதிக் கேட்டுப் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

பள்ளிக்கு எது நல்லது? ஆய்வகத்துக்கு ஒரே நேரக் கணக்கு அல்லது கணினிக் கணக்கு. ஆள் கணக்கில் வாங்கிவிட்டால் ஒவ்வொரு வருடமும் போன மாணவர்களை நீக்கி, வந்தவர்களைச் சேர்க்கிற வேலை உங்கள் தலையில் விழும்.

4. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருக்கு, லினக்ஸும் இருக்கு. இரண்டிலும் போட இரண்டு லைசென்ஸா?

3-ஆம் பதிலை இங்கே பொருத்திப் பாருங்கள். கணினியை எண்ணினால் பொதுவாக ஒன்று போதும், நிறுவலை எண்ணினால் இரண்டு. இதோடு இயங்குதளக் கணக்கும் சேரலாம்: சில நிறுவனங்கள் விண்டோஸ் பதிப்பையும் லினக்ஸ் பதிப்பையும் தனித்தனிப் பொருளாக விற்கின்றன, சில ஒரே உரிமத்தில் இரண்டையும் தருகின்றன.

உரிமம் அனுமதித்தாலும் ஆக்டிவேஷன் தகராறு செய்யலாம். இரண்டு இயங்குதளத்திலிருந்தும் பதியும்போது விற்பவரின் சர்வர் இரண்டு கணினி என்று நினைத்துக்கொள்ளும். அது தொழில்நுட்பச் சிக்கல்தான். விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் சரிசெய்து தருவார்கள், தந்தும் இருக்கிறார்கள்.

5. விண்டோஸோடு வந்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுவிட்டோம். அந்த விண்டோஸை வேற கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கலாமா?

பொதுவாக முடியாது. கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. நீங்கள் அதை அழித்துவிட்டாலும் உரிமம் அங்கேயேதான் இருக்கும். நாளை அதே கணினியில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். புதிய கணினிகளில் விண்டோஸின் திறவுச்சொல் (புராடக்ட் கீ) ஃபர்ம்வேருக்குள்ளேயே, அதாவது வன்பொருளிலேயே பதிந்திருக்கும் நிரலுக்குள், இருக்கிறது. பழையதில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று அதைச் சுரண்டிவிடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பள்ளிகள் மொத்தமாக வாங்கும் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மேம்படுத்தும் உரிமம்தான். அந்தக் கணினியில் ஏற்கெனவே தகுதியான ஓர் அடிப்படை உரிமம் இருந்தால்தான் அது செல்லும். இயங்குதளமே இல்லாமல் மலிவாகக் கணினி வாங்கி, பிறகு மொத்த உரிமத்தில் விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். முழுக்க லினக்ஸ்தான் என்றால் அந்தக் கவலை இல்லை. ஆனால் மொத்த ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தால், ‘தகுதியுள்ள எல்லாக் கணினிகளும்’ என்ற கணக்கில் உங்கள் லினக்ஸ் கணினிகளையும் சேர்த்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

6. ஒயின் வழியாக விண்டோஸ் புரோகிராமை ஓட்டுவது திருட்டா?

இல்லை. ஒயின், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைக்க 1993-இல் தொடங்கிய திட்டம். விண்டோஸின் பிரதி எதுவும் அதில் இல்லை. விண்டோஸ் நிரல்கள் கேட்கும் சேவைகளைப் புதிதாக எழுதித் தருகிறது. ஆகவே ஒயினுக்கு விண்டோஸ் உரிமம் தேவையில்லை. அதில் ஓடுகிற நிரலுக்கு உரிமம் கட்டாயம் வேண்டும். உரிமம் இல்லாத நிரல் எதில் ஓடினாலும் உரிமம் இல்லாத நிரல்தான்.

சில ஒப்பந்தங்களில் ‘உரிமம் பெற்ற விண்டோஸில் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும், அதை மட்டும் தேடிப் பாருங்கள். யூஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் திறக்கும் நிரல்கள் ஒயினில் பெரும்பாலும் திறக்காது. உதவிக்கு அழைத்தால் விற்பவர் ‘இது ஆதரவுக்குள் வராது’ என்று வைத்துவிடுவார். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் அந்த நிலை வேண்டாம். தேர்வுக்கு அவசியமான நிரலை ஒயினை நம்பி நான் விடுவதில்லை.

7. அப்போ விர்ச்சுவல் மெஷின் போட்டு அதற்குள் விண்டோஸ் ஓட்டிக்கலாமே?

ஓட்டலாம். விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கணினி. ஆனால் உள்ளே ஓடும் விண்டோஸுக்குத் தனியாக உரிமம் வேண்டும். கணினியோடு வந்த உரிமத்தை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ள முடியும் என்று எண்ண வேண்டாம். 5-ஆம் பதில் இதற்கும் பொருந்தும்.

இதற்குப் பலர் போடும் விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல். அதோடு தனியாக இறக்கிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் பேக் அப்படியல்ல. அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விப் பயன்பாட்டுக்கும் மட்டும் கட்டணமில்லாமல் தரப்படும் தனியுரிமப் பொருள். வகுப்பறையில் சரி. பள்ளி அலுவலகத்தின் கணக்குக் கணினியில் போடுமுன் அதன் உரிமத்தில் ‘கல்விப் பயன்பாடு’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படியுங்கள்.

8. சர்வர் ஒன்றுதான், அதிலிருந்து 30 திரை ஓடுது. ஒரு லைசென்ஸ் போதாதா?

எல்டிஎஸ்பி போன்ற அமைப்பில் மெல்லிய கணினிகளை (நிரல் சர்வரில் ஓட, திரையை மட்டும் காட்டுபவை) வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நிரல் ஒரே இடத்தில் நிறுவப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் விற்பவர்கள் இதை எப்போதோ யோசித்து முடித்துவிட்டார்கள். கணினியை எண்ணும் உரிமங்கள் பலவற்றில், நிரல் எங்கே ஓடுகிறது என்பதோடு எங்கிருந்து பார்க்கப்படுகிறது என்பதும் கணக்கில் வரும். அப்போது 30 திரைக்கு 30. சிலது சர்வரில் போட்டுப் பகிர்வதையே தடை செய்யும். ஒரே நேரக் கணக்கில் வாங்கினால் இந்தத் தலைவலி கிடையாது.

9. லைசென்ஸ் ஃபைல் சரியாத்தான் இருக்கு. புரோகிராம் மட்டும் ஏற்க மாட்டேங்குது. ஏன்?

உரிமக் கேள்வி மாதிரி தெரியும், பாதி லினக்ஸ் கேள்வி. பல தனியுரிம நிரல்கள் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற உரிமச் சர்வரைப் பயன்படுத்துகின்றன. அது உங்கள் கணினியை அடையாளம் காண நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை (அந்தக் கார்டுக்கே உரிய எண்) எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்புகள் அந்த முகவரியை ‘ஈத்0’ என்ற பெயருள்ள இணைப்பில்தான் தேடும். 2013 வாக்கில், லினக்ஸை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் இணைப்புகளுக்கு நிலையான பெயர்கள் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈத்0 என்பது ‘ஈஎன்பி3எஸ்0’ போல ஏதாவது ஆகிவிட்டது. நிரல் ஈத்0-ஐத் தேடுகிறது, கிடைக்கவில்லை, கணினியின் அடையாளம் வெறும் பூஜ்யங்களாக வருகிறது. ஒரு பள்ளியில் இதற்காக ஒரு முழு மதியம் உட்கார்ந்திருந்தேன். விற்றவரின் உதவி மையத்தில் நாலு பேர் மாறி மாறிப் புதிய உரிமக் கோப்பை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கோப்பில் தவறே இல்லை. பூட் அமைப்பில் ஒரு வரி சேர்த்துப் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்ததும் திறந்துவிட்டது.

அடுத்த வேடிக்கை, கோப்பு கண்ணெதிரே இருக்க ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று டெர்மினல் சொல்வது. அந்த உரிமச் சர்வர் எல்எஸ்பி என்ற பழைய தரத்தின்படி கட்டப்பட்டது; அந்தத் தரத்துக்கான ஏற்றி (நிரலைத் தொடங்கிவைக்கும் சிறு கோப்பு) உங்கள் கணினியில் இல்லை. இல்லாதது அந்த ஏற்றிதான், பிழைச்செய்தி அதைத் தெளிவாகச் சொல்லாது. எல்எஸ்பி தொகுப்பு இன்னும் கிடைத்தால் அதை நிறுவினாலோ அந்தப் பெயரில் ஓர் இணைப்புக் கோப்பு போட்டாலோ சரியாகும்.

மூன்றாவது, மதர்போர்டு பேட்டரி. பழைய கணினியில் அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் பல வருடம் பின்னால் போன தேதியோடு எழும். கடிகாரத்தைப் பின்னால் திருப்பி ஏமாற்றுகிறீர்கள் என்று உரிம நிரல் பூட்டிக்கொள்ளும். பட்டன் பேட்டரி ஒன்றை மாற்றுங்கள்.

10. டீச்சர் வீட்டில், பசங்க வீட்டில் போட்டுக்கலாமா?

ஒப்பந்தத்தில் வீட்டுப் பயன்பாடு என்று தனியாக எழுதியிருந்தால் மட்டும். கணினிக் கணக்கில் அது இருப்பது அரிது. ஆள் கணக்கில் பெரும்பாலும் இருக்கும், அந்த ஒரு விஷயத்தில் ஆள் கணக்கு மேல். படித்து முடித்துப் போகிற மாணவரின் உரிமம் அன்றே முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

11. ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்’னு போட்டிருக்கு. பள்ளி லாபத்துக்கு நடக்கலையே?

லாபம் இல்லாததாலேயே பள்ளி தனிநபர் ஆகிவிடாது. தனிப்பட்ட பயன்பாடு, வணிகமல்லாத பயன்பாடு, கல்விப் பயன்பாடு மூன்றும் வேறு வேறு வேலிகள். டீம்வியூவர் தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான் கட்டணமில்லை. ஆய்வகக் கணினிகளைத் தொலைவிலிருந்து பார்க்க அதைப் பயன்படுத்தினால் பள்ளி வேலிக்கு வெளியே நிற்கிறது. ஜியோஜிப்ரா வணிகமல்லாத பயன்பாட்டுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது, வகுப்பில் கணிதம் நடத்துவது அதற்குள் வரும். அதே ஆசிரியர் மாலையில் கட்டணம் வாங்கித் தனியாக வகுப்பு எடுத்தால் கேள்வி மாறிவிடும்.

வகுப்புத் திரைகளைக் கவனிக்கத்தான் வேண்டுமென்றால் வேயான் இருக்கிறது, ஜிபிஎல் உரிமம். எத்தனை கணினி என்று யாரும் எண்ண வேண்டாம்.

12. ஜாவாவுக்குக் கூட லைசென்ஸ் வாங்கணுமாமே?

எந்த ஜாவா என்பதைப் பொறுத்தது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியத்திலிருந்து வருவது ஓப்பன்ஜேடிகே. அது கிளாஸ்பாத் விலக்கோடு (அதைச் சார்ந்து ஓடும் நிரல்களை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது என்ற விலக்கு) கூடிய ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, கவலையே வேண்டாம். யாரோ ஆரக்கிள் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிப் போட்டிருந்தால் கவனியுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து ஜாவா 8-இன் புதிய மேம்பாடுகள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் மென்பொருள் உருவாக்கத்துக்கும் மட்டும்தான் கட்டணமில்லை. 2023 ஜனவரியில் வந்த சந்தாவோ ஜாவா ஓடும் கணினிகளைப் பார்ப்பதில்லை, நிறுவனத்தின் மொத்த ஊழியர்களை எண்ணுகிறது. பகுதிநேரத்தவரும் அதில் அடக்கம். எண்ணும் அலகு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆரக்கிள் பிரதியை எடுத்துவிட்டு ஓப்பன்ஜேடிகே போடுங்கள். பெரும்பாலான பாட நிரல்களுக்கு வித்தியாசமே தெரியாது.

13. ஃபாண்டுக்கெல்லாமா லைசென்ஸ் பார்ப்பது?

பார்க்கத்தான் வேண்டும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் எல்லாம் மென்பொருள் போலவே உரிமத்தோடு வருகின்றன. விண்டோஸ் கணினியின் எழுத்துரு அடைவை அப்படியே பென்டிரைவில் எடுத்து லினக்ஸில் கொட்டுவது பலர் செய்கிற காரியம், அனுமதி இல்லாத காரியமும்கூட. மைக்ரோசாஃப்ட் 1996-இல் சில எழுத்துருக்களை இணையத்துக்காக என்று பொதுவில் கொடுத்தது, 2002-இல் நிறுத்திவிட்டது. அப்போது தந்த உரிமம் இன்றும் செல்லும். ஆனால் பகிர்வதென்றால் அவர்கள் கொடுத்த நிறுவல் கோப்பை மாற்றாமல் அப்படியே பகிர வேண்டும். அதனால்தான் டெபியன், உபுண்டுவில் உள்ள தொகுப்புக்குள் எழுத்துருவே இருக்காது. நிறுவும்போது உங்கள் கணினியே மூலக் கோப்பை இறக்கிப் பிரித்துக்கொள்ளும். இணையம் இல்லாத ஆய்வகத்தில் அந்தத் தொகுப்பு விழித்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.

வரி உடையாமல் இருந்தால் போதும் என்றால் லிபரேஷன் எழுத்துருக்களைப் போடுங்கள். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றின் அகல அளவுகளும் அப்படியே இருக்கும். கலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கேலடியா.

14. ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் போட்டு, இமேஜ் எடுத்து, மற்றதுக்கெல்லாம் ஊற்றலாமா? பக்கத்துப் பள்ளி கேட்டால் கொடுக்கலாமா?

இமேஜ் என்பது வட்டில் உள்ள எல்லாவற்றின் அப்படியே ஒரு பிரதி. அதை உங்கள் ஆய்வகத்துக்குள் ஊற்றுவதில் தடை அரிது. ஊற்றியபின் மொத்தம் எத்தனை ஆகிறது என்று 3-ஆம் கணக்கைப் போடுங்கள். இமேஜ் எடுக்குமுன் உரிமக் கோப்பையும் ஆக்டிவேஷனையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 30 கணினியும் ஒரே கணினியின் அடையாளத்தோடு எழுந்து ஒன்றையொன்று வெளியே தள்ளும்.

வேறு பள்ளிக்குக் கொடுத்தால் அது விநியோகம். தனியுரிம நிரல்கள் ஒன்றுகூட அந்த இமேஜில் இருக்கக் கூடாது. கட்டற்ற பகுதியைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஜிபிஎல் நிரல்களுக்கு மூலநிரலும் கிடைக்கும்படி செய்வது கொடுப்பவரின் பொறுப்பு. நான் இரண்டு இமேஜ் வைத்திருக்கிறேன்: கட்டற்றவை மட்டும் உள்ளது ஒன்று, வெளியே போகலாம். இன்னொன்று ஆய்வகத்தின் கதவைத் தாண்டாது.

15. வைஃபை ஃபர்ம்வேர், என்விடியா டிரைவர் எல்லாம் தனியுரிமம்தானே, அவற்றுக்கும் காசா?

காசில்லை. ஃபர்ம்வேரை வழங்கல்களே சேர்த்துத் தருகின்றன. டெபியன்கூட 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அதிகாரபூர்வ நிறுவியிலேயே வைத்துவிட்டது. என்விடியா 2022-இல் தன் கெர்னல் பகுதியைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. மற்ற பகுதிகள் இன்னும் மூடியவையே. உங்கள் பள்ளிக்குள் ஓட்டத் தடையில்லை.

16. லைசென்ஸ் சோதனைக்கு வந்தால் எதைக் காட்டுவது?

பில், ஒப்பந்தப் பிரதி, எந்த உரிமம் எந்தக் கணினியில் என்ற பட்டியல். லினக்ஸ் கணினிகளையும் பட்டியலில் சேருங்கள். விட்டுவிட்டால், ‘இந்த 30-க்கும் விண்டோஸ் உரிமம் எங்கே’ என்று கேட்பார்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொன்ன சலுகை எதுவும் அங்கே எடுபடாது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், விற்பனையாளர் தொலைபேசியில் ‘தாராளமாக எல்லாவற்றிலும் போடுங்கள்’ என்று சொல்லியிருந்தார். மறுவருடம் அவர் வேலை மாறிப் போய்விட்டார். தொலைபேசியில் எது பேசினாலும், வைத்ததும் ‘நீங்கள் சொன்னது இதுதானே’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவது அதற்கப்புறம் என் வழக்கம்.

17. லினக்ஸ் பதிப்பை நிறுத்திட்டோம்னு விற்றவர் சொல்றார். கட்டின பணம்?

நிரந்தர உரிமம் என்றால், வாங்கிய பதிப்பைத் தொடர்ந்து ஓட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. சந்தா என்றால் காலம் முடிந்ததும் நின்றுவிடும். ஆனால் ஓட்டும் உரிமை இருப்பதும் உண்மையில் ஓடுவதும் வேறு. இயங்குதளம் புதுப்பிக்கப் புதுப்பிக்கப் பழைய நிரல் நொண்டத் தொடங்கும். பழைய வழங்கலோடு ஒரு கணினியை இணையத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து ஓட்டுவது தற்காலிக வழி. அந்த இடைவெளியில் கோப்புகளைத் திறந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஸ்மார்ட் போர்டு நிரல் கைவிட்டால் ஓப்பன்போர்டு உண்டு, ஆனால் பழைய பாடங்களை ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் ஆக்கும் வேலை யாருக்கோ இருக்கிறது. பெரிய நிறுவனம் என்று நம்பவும் முடியாது: மைக்ரோசாஃப்ட் தன் டீம்ஸ் நிரலின் லினக்ஸ் பதிப்பை 2022 இறுதியில் நிறுத்தி, உலாவியில் திறந்துகொள்ளச் சொல்லிவிட்டது.

18. பழைய கம்ப்யூட்டர்களை வேற பள்ளிக்குக் கொடுக்கப் போறோம். லைசென்ஸை என்ன செய்வது?

கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அதோடே போகும், ஸ்டிக்கர், பெட்டியில் வந்த காகிதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். லினக்ஸ் அப்படியே இருக்கட்டும். தனியாக வாங்கிய நிரல்களை அழிக்க வேண்டும். அதற்கு முன், ஆக்டிவேஷன் உள்ளவை ஒவ்வொன்றையும் திறந்து டீஆக்டிவேட் செய்யுங்கள். வட்டை ஃபார்மேட் செய்தபிறகு ஞாபகம் வந்தால், விற்பவரின் சர்வர் அந்தக் கணினி இன்னும் உங்களிடம் ஓடிக்கொண்டிருப்பதாகவே கணக்கு வைத்திருக்கும். அப்போது கணினியின் வரிசை எண்ணோடு அவர்களுக்கு எழுதி, கையால் நீக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. வரிசை எண் எழுதிய ஸ்டிக்கர் கணினியின் பின்பக்கம் இருக்கும். வண்டியில் ஏற்றுமுன் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.